மழைக்கு மாதா ஒதுங்கிய வீடு

போன வருடம் அக்டோபர் மாதம். மழைக்காலம் தொடங்கியும் தொடங்காமலும் இழுத்துக்கொண்டிருந்த சமயம். புதுச்சேரியில் கருவடிக்குப்பம் பக்கம் இருக்கிற எங்கள் தெருவில்தான் இது நடந்தது.

நான் பிளஸ் டூ வரைக்கும் போனவன். முடித்தேன் என்று சொல்ல மாட்டேன், போனேன். இப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். லாரிக்கு அடியில் போய்வந்த பைக்காக இருந்தாலும் என்னிடம் விட்டால் நேற்றுதான் ஷோரூமிலிருந்து இறக்கின மாதிரி ஆக்கித் தருவேன். எந்தக் கலராக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் கலந்துவிடுவேன். படிப்பு வராதவனுக்கு ஆண்டவர் கண்ணையாவது கொடுத்தாரே என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். வாயையும் கொடுத்துவிட்டார், அதுதான் தப்பு என்றும் சேர்த்துச் சொல்வார்.

எங்கள் தெருவில் இருக்கிற கத்தோலிக்க வீடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் அன்பியம். வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற கூட்டம் அது. அக்டோபர் வந்தால் ஜெபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதா சிலையை, சுரூபம் என்போம், எடுத்துவருவோம். மாதா ஒரு வீட்டில் ஓர் இரவு, ஒரு பகல் இருப்பார்கள். மறுநாள் சாயங்காலம் எல்லோரும் அந்த வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பாட்டோடு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். அதில் எங்கள் தெருவுக்கென்று ஒரு முறை உண்டு. மாதா தங்கின வீட்டு அம்மா வாசலில் நின்று தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டு அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அப்படிக் கைக்குக் கை மாறினால்தான் மாதாவை ஒழுங்காக வழியனுப்பியதாக அர்த்தம்.

அதற்குப் பிறகு தெருவில் தூக்கிக்கொண்டு நடப்பது நான். சுரூபம் பிளாஸ்டரில் செய்தது, நல்ல கனம். தோளில் பாட்டும் அம்மாவின் மைக்கும் கேட்கிற ஸ்பீக்கர் பெட்டி தொங்கும். போகிற வீட்டில் எல்லாம் சுண்டல் எப்படி, காபி எப்படி என்று மார்க் போடுகிற வேலையும் என்னுடையதுதான். அதை மட்டும் யாரும் கேட்காமலே செய்தேன்.

ஜெபத்தை நடத்துவது என் அம்மா. அப்பா போன பிறகு அம்மாவுக்கு எல்லாமே ஜெபம்தான். வேதத்தில் எந்த இடத்தைக் கேட்டாலும், பக்கத்து வீட்டில் நேற்று நடந்த சமாச்சாரம் மாதிரி சொல்வார். அம்மா பேச ஆரம்பித்தால் கொசு அடிக்கிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள். கோயிலில் பூசை வைக்கிற சாமியாரே ஒரு முறை, "ஒங்கம்மாவ பூசையில பிரசங்கம் வெக்கச் சொல்லிட்டு நான் கீழ ஒக்காந்துடலாம் போலருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு ஒரே அக்கா. அவள் பிள்ளைச்சாவடியில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பையனை விரும்பினாள். அவர்கள் இந்துக்கள். சாமியாரிடம் போய்க் கேட்டோம். ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோயிலிலேயே கல்யாணம் செய்யலாம், பையன் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை என்றார். அந்தப் பையனும், இப்போது எனக்கு மாமா, ஒத்துக்கொண்டார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை படிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று.

"எம் பேரச் சொல்லி ஓல படிக்கட்டும், நான் நடுக்கோயில்ல எழுந்து நின்னு தடை இருக்குதுன்னு கத்துறேன்" என்று அம்மா சொன்னார்.

அம்மா கத்துவார். அக்காவுக்கு அது தெரியும். அத்தனை பேர் முன்னால் அது நடக்க வேண்டாம் என்றுதான் அவள் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனாள். அன்றையிலிருந்து அம்மா அவளோடு பேசவில்லை. அவள் போட்டோவைக்கூட அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். நான் துணி தேடுகிற சாக்கில் அதை மேலே எடுத்து வைப்பேன். அடுத்த நாள் அது திரும்ப அடியில் போயிருக்கும். இப்படியே எங்களுக்குள் ஒரு விளையாட்டு, பேச்சில்லாமல்.

போன வருடம் கடல் ஏறிவந்து மாமா வீட்டுப் பின்சுவரைத் தின்றுவிட்டது. அக்கா அப்போது மாசமாக இருந்தாள். வாடகைக்கு வீடு தேடினார்கள். தேடிக் கொடுத்தது நான்தான். எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டுக்கு முந்தின வீடு.

"வேற எடமே கெடைக்கலயாடா ஒனக்கு?" என்று மாமா கேட்டார்.

"கெடைக்கல மாமா. ஊர் பூரா சுத்திட்டேன்" என்றேன். சுற்றவே இல்லை.

அக்காவுக்கு மட்டும் புரிந்தது. "பரவால்லடா, அம்மா பூசைக்குப் போறப்ப வரப்பயாவது பாத்துக்குறேன்" என்றாள். அம்மா அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்து நடப்பார். வெயிலே இல்லாத நேரத்திலும்.

ஜெபமாலை மாதம் தொடங்குவதற்கு முன்னால், மாதா எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று பேச அன்பியத்தில் கூடினோம். எங்கள் தலைவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். நான் அவரைப் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி முசியே என்று கூப்பிடுவேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அவர் வீடு, அதை அடுத்து அக்கா வீடு, அதை அடுத்து எங்கள் வீடு. அக்கா வீடு வந்ததும் அவர் நிறுத்தினார்.

"ஞானஸ்நானம் வாங்குன புள்ளதான். நமக்கு ஒன்னும் ஆட்சேபண இல்ல. ஆனா இது ஒங்க வீட்டு விஷயம். நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

நான் அதுவரைக்கும் அன்பியம்தான் வேண்டாம் என்று சொல்லும், அம்மா வாயை மூடிக்கொண்டு இருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா ஜெபமாலையைச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்தார்.

"சாமியார் வந்து மந்திரிக்காத வீடு. வேணாம்."

"ஏம்மா, மாதா இன்னா விசா வாங்கிகினா போவணும்?" என்றேன்.

ரெண்டு பேர் சிரித்தார்கள். அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். முசியே கையை விரித்து, "ஃபினி, முடிஞ்சிது. அப்ப சரி" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரியே அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் அவள் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"யாரு வேணான்னது? முசியேவா?"

நான் பேசவில்லை. என் வாய் மூடியிருந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி உடு. தெருவுல போறப்ப வாசல்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி வெக்கிறேன். அதுக்கு யாரு பர்மிஷனும் வேணாமில்ல?" என்றாள்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தாய்வீட்டிலிருந்து வளையலும் சோறும் கொண்டுபோய் அடுக்க வேண்டிய மாதம். எங்கள் வீட்டிலிருந்து நான் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தேன், பரோட்டா பொட்டலத்தோடு.

முசியே வீட்டில் மாதா தங்கின மறுநாள் திங்கட்கிழமை. அன்றைக்கு ஜெபமாலையில் சந்தோஷ தேவரகசியங்கள், அதாவது மாதா வாழ்க்கையில் நடந்த சந்தோஷ நிகழ்ச்சிகள், சொல்ல வேண்டும். அதில் இரண்டாவது, மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனது. அம்மா அன்றைக்கு அதைப் பற்றிப் பேசினார்.

"நம்ம மாதாவுக்கு அப்ப இன்னா வயசு? சின்னப் பொண்ணு. அவங்களே வயித்துல ஆண்டவரச் சொமந்துகினு இருக்காங்க. சொந்தக்காரம்மா ஒருத்தங்க முழுகாம இருக்காங்கன்னு கேள்விப்பட்டதும் ஒக்காந்து யோசிச்சாங்களா? வண்டி வரட்டும்னு காத்துகினு இருந்தாங்களா? கூப்டாங்களா கூப்புடலியான்னு பாத்தாங்களா? எழுந்து நடந்தாங்க. மலைய ஏறி எறங்கிப் போனாங்க. போயி அந்த வீட்டுல தண்ணி எடுத்து ஊத்தியிருப்பாங்க, ஏனம் வெளக்கியிருப்பாங்க. வயித்துப்புள்ளக்காரி வீட்டுக்கு வேற எதுக்குப் போறது? இதாம்மா ஜெபம். வாயால சொல்றது மட்டும் ஜெபம் இல்ல."

முசியே வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா பேச்சு அப்படி. ஆனால் ஒரு சுவர் தள்ளித்தான் அக்கா வீடு. ஸ்பீக்கர் பெட்டியை நான் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஜெபம் முடியும்போது வானம் கருத்துவிட்டது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"இன்னொரு பாட்டு பாடலாம்மா. எல்லாரும் நல்லா பாடுறாங்க இன்னிக்கி" என்றேன்.

பாட்டு என்றால் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்குகிற ஆள் நான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் மற்ற பெண்கள் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பாட்டில் நல்லவேளையாக நிறைய சரணம்.

பிறகு முசியே வீட்டம்மா வாசலில் நின்று மாதாவை எடுத்துக் கொடுத்தார். அக்கா வீட்டைத் தாண்டி அடுத்தது எங்கள் வீடு என்பதால் அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். புறப்பட்டோம். பத்தடி போயிருக்க மாட்டோம், மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மெழுகுவர்த்தி எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது. மாதாவுக்கு மேல் பிடித்திருந்த குடையைக் காற்று மடக்கிவிட்டது. பிளாஸ்டர் சுரூபம், நனைந்தால் கெட்டுவிடும்.

"மாதா நனையிறாங்க, ஓடுறா!" என்று அம்மாதான் கத்தினார்.

ஓடினேன். அக்கா வீட்டு கேட் திறந்திருந்தது. அவள் வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள். நேராக உள்ளே போய்விட்டேன்.

பின்னாலேயே முசியேவும் அவர் வீட்டம்மாவும் நாலைந்து பெண்களும் குழந்தைகளும் ஓடிவந்து வராந்தாவில் ஏறினார்கள். ஏறின பிறகுதான் யார் வீடு என்று நினைவு வந்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முசியே செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள்.

அம்மா மட்டும், மாதாவை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல், எதிர்ப்பக்கம் ஓடி, பூட்டியிருந்த இஸ்திரிக் கடையின் சன்ஷேடுக்குக் கீழே நின்றார். அந்தச் சன்ஷேடு ஒரு பூனை ஒதுங்கத்தான் போதும். மழை சாய்ந்து அடித்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்துவிட்டார்.

உள்ளே மாமா இல்லை, கடலுக்குப் போயிருந்தார். மாமாவின் அம்மாதான் இருந்தார். நான் அவரை அத்தை என்பேன். காலையில் மீன் விற்றுவிட்டு வந்து மருமகளுக்குத் துணையாகத் தங்கிக்கொண்டிருந்தார். மாதாவைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"யம்மாடி, தாயே! இப்படி நனைஞ்சிகினு வரியே! வாம்மா, வா, உள்ள வா!"

பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத புதுத் துண்டை எடுத்து மாதாவின் தலை, தோள், கை எல்லாம் ஒற்றி எடுத்தார். பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கிற மாதிரி. தட்டில் ஆரத்தி கரைத்துச் சுற்றினார். அக்கா தடுப்பதற்குள் விரலால் குங்குமத்தை எடுத்து மாதா நெற்றியில் வைத்துவிட்டார்.

"அத்த! எங்க மாதாவுக்குக் குங்குமம் வெக்க மாட்டாங்க" என்றாள் அக்கா.

"ஏன்? புருசன் இருக்காருல்ல?"

"இருக்காரு, இருக்காரு. சூசையப்பர். தச்சு வேல" என்றேன்.

"அப்பறம் இன்னா? இருந்துட்டுப் போவட்டும்."

வராந்தாவில் இருந்த பெண்கள் சிரித்தேவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அக்கா அடுக்களைக்குப் போய் ஒரு பெரிய சட்டி நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் எடுத்துவந்தாள். தேங்காய், மாங்காய் எல்லாம் போட்டு.

"வர மாட்டாங்கன்னு தெரியுமில்ல, எதுக்கு இத்தினி?" என்று காதோரம் கேட்டேன்.

"எங்களுக்குத்தான் செஞ்சேன்" என்றாள்.

அந்த வீட்டில் சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர். அந்தச் சட்டி ஒரு தெருவுக்குக் காணும். அன்றைக்கு நான் மார்க் போடவில்லை.

மாதா ஒரு வீட்டுக்குள் வந்ததும் ஆரம்ப ஜெபம் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது அம்மா. முசியே வாசலைப் பார்த்தார். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அக்கா கேட் வரைக்கும் போனாள்.

"யம்மா."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டேன். மழைச் சத்தத்தில் விழவில்லையோ என்று அவளே நினைத்துக்கொண்டு, இன்னொரு முறை கொஞ்சம் சத்தமாக, "யம்மா, உள்ள வாம்மா. நனையிறியே" என்றாள்.

அம்மா மழையைப் பார்த்தார். ரோட்டில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். அக்காவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

நான் அந்த மழையிலேயே ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"யம்மா, இப்பதான எலிசபெத்தம்மா கத சொன்ன? மலையெல்லாம் ஏறி எறங்கிப் போனாங்கன்னு. இது ரோடும்மா. இத்தத் தாண்டுனா போதும்."

கிண்டலாகத்தான் சொல்ல நினைத்தேன். பாதியிலேயே குரல் மாறிவிட்டது.

அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். "மாதா வயித்துல ஆண்டவரச் சொமந்துகினு போனாங்கடா. நான் இன்னாத்தச் சொமந்துகினு போறது? ஊர் ஒலகத்துக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு, எம் புள்ளயால பட்ட அவமானத்தச் சொமந்துகினா?" என்றார். பிறகு மெதுவாக, "நீ வேணும்னுதான இன்னொரு பாட்டு பாடச் சொன்ன?" என்றார்.

மழை வரட்டும் என்றுதான் நான் இழுத்தேன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டு ஆரம்பிக்கும்போதே தெரிந்திருக்கிறது.

அதற்குள் அத்தை ஒரு குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "சம்மந்தியம்மா, வாங்க. கோவம் இருந்தா உள்ள வந்து ரெண்டு திட்டு திட்டுங்க. நனைஞ்சா ஒடம்புக்கு ஆவாது" என்று சொல்லிக் குடையை அம்மா தலைக்கு மேல் பிடித்தார்.

அம்மா குடைக்குக் கீழேயிருந்து ஒரு அடி நகர்ந்து மழையில் நின்றார். அத்தை குடையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அம்மா இன்னும் ஒரு அடி நகர்ந்தார். சன்ஷேடு முடிந்து நேராகத் தலையில் ஊற்றியது.

அத்தை அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். குடை நடுவில் இருந்தது, அதன் கீழே அம்மாவும் இல்லை, அவரும் இல்லை. அவர் முதுகு முழுக்க நனைந்துகொண்டிருந்தது. பிறகு திரும்பிப் போனார். கேட்டில் நின்ற அக்காவிடம், "ஒங்கம்மாவுக்கு மழன்னா புடிக்கும் போலருக்குடி" என்று சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததற்கு அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மழை தூறலாகக் குறைந்ததும் அம்மா எதிர்ப்பக்கமிருந்தே குரல் கொடுத்தார். "மாதாவ எடுத்துகினு வாங்க. நேரமாவுது."

நான் உள்ளே போய்த் தூக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "எங்கூட்டுக்கு வந்தவங்க. நான்தான் எடுத்துக் குடுக்கணும்" என்றாள்.

"இவ்ளோ கனம் நீ தூக்கக் கூடாதுக்கா."

"தெரியும், நவுரு."

வயிற்றுக்கு மேல் மாதாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அன்பியம் மொத்தமும் பின்னால் நின்றது. அடுத்த வீடு எங்கள் வீடு. அடுத்த வீட்டு அம்மாதான் வாங்கிக்கொள்ள வேண்டும், இரண்டு கையாலும். எல்லோருக்கும் தெரிந்த முறை. முசியே வீட்டம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

அம்மா ரோட்டைத் தாண்டி வந்தார். கேட்டுக்கு வெளியே வாய்க்கால் மேல் ஒரு கடப்பைக்கல் போட்டிருக்கும். அதன் மேல் ஏறி நின்றார். அக்கா சுரூபத்தை நீட்டினாள். கனம் தாங்காமல் அது கொஞ்சம் கீழே இறங்கியது. அம்மாவின் இரண்டு கையும் மேலே வந்தன. சத்தியமாக வந்தன, நான் பார்த்தேன். மாதாவைத் தொட ஒரு சாண் இருக்கும். அப்போது அம்மா மாதாவின் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்தார். கைகள் இறங்கிவிட்டன.

"நீ வாங்குடா" என்றார் என்னிடம். "எவ்ளோ நேரம் வயித்துப்புள்ளக்காரி சொமந்துகினு நிப்பா? வாங்கேன்டா!"

கனம் அம்மாவுக்குத் தெரிந்தது. வாங்கத்தான் முடியவில்லை.

நான் வாங்கினேன். அக்கா குனிய முடியாமல் குனிந்து மாதாவின் பாதத்தில் உதட்டை வைத்து முத்தி செய்தாள். அவ்வளவுதான். கூட்டம் எங்கள் வீட்டுக்கு நடந்தது. அம்மா முன்னால் போய், வழக்கம்போல ஜெபத்தை ஆரம்பித்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

எல்லோரும் போன பிறகு அம்மா ஈரப்புடவையைக்கூட மாற்றாமல் ஒரு பழைய துணியை நனைத்து மாதாவின் நெற்றியைத் துடைத்தார். போகவில்லை. மழையில் பிளாஸ்டர் ஊறியிருந்ததால் குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். சிவப்பு கொஞ்சம் பரவினதுதான் மிச்சம். கடைசியில் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கிப் பட்டறையிலேருந்து பெயிண்ட் எடுத்துகினு வந்து இதுக்கு அடிச்சுடு."

நான் மாதாவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த நிறம் எனக்குக் கால்மணி நேர வேலை. வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு சிவப்பு.

"இந்தக் கலரு மேட்ச் ஆவாதும்மா. அடிச்சா திட்டு திட்டாத் தெரியும்" என்றேன்.

அம்மா என்னை நம்பவில்லை. ஆனால் மறுபடி கேட்கவும் இல்லை.

மிச்ச வீடுகளுக்கெல்லாம் மாதா அந்தக் குறியோடுதான் போனார்கள். யாரும் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. முசியே மட்டும் என்னிடம், "நீ பெயிண்டர்தானடா?" என்றார். "ஆமா முசியே, ஆனா வண்டிக்கு மட்டும்தான்" என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் செல்போனில் குழந்தை படத்தைக் காட்டினேன். "கண்ணாடி எடுத்துகினு வர்றேன்" என்று உள்ளே போனவர், வெளியே வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன், மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கண்ணாடி பக்கத்திலேயே மேஜை மேல் இருந்தது. குழந்தை இப்போது வாசலில் தவழ்கிறது. அம்மா பூசைக்குப் போகிறபோது இன்னமும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் போகிறார். கொலுசுச் சத்தம் கேட்டால் மட்டும் நடை கொஞ்சம் மெதுவாகிறது, நிற்பதில்லை.

அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அக்கா ஆசைப்படுகிறாள். பாட்டி வந்து நின்றால்தான் கொடுப்பது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் யாருக்கும் புத்தி சொல்கிற ஆள் இல்லை. எனக்கே புத்தி கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். சாமியாரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ஒங்கம்மாவுக்காக ஜெபம் பண்ணு" என்றார். எங்கள் அம்மாவுக்கு ஜெபம் குறைச்சலா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்த வருடமும் ஜெபமாலை மாதம் வரும். நெற்றியில் அந்தச் சிவப்போடு மாதா எங்கள் தெருவுக்கு வருவார்கள். எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போன கதையை அம்மா எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வரச் சொல்வார், நானும் ஸ்பீக்கரை அந்தப் பக்கமே திருப்பி வைப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த மழையில் அக்கா வீட்டுக்கு மாதா வந்தார்கள், அம்மா வரவில்லை. எங்கள் தெரு ரோட்டுக்கு அகலம் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் ஜெபத்துக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தை இன்றுவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் நடந்து முடிக்கவில்லை.